வில்லும் பட்டையும்

'சஸ்பென்ஷன்' என்ற சொல் கல்லூரி ஆசிரியர்களின் காதில் விழும்போது அவர்களுக்கு வண்டியின் நினைவு வருவதில்லை. விசாரணைக் குழுவும் பாதிச் சம்பளமும்தான் நினைவுக்கு வரும். கணினியில் இச்சொல்லைத் தமிழாக்கிப் பார்த்தாலும் 'இடைநீக்கம்' என்றே வருகிறது. வண்டியின் எடைக்கும் சக்கரத்தின் குதிப்புக்கும் நடுவில் நின்று இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு இடைநீக்கம் என்று பெயர் சூட்டினால் அது மனம் நோகாதா? நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கவே செய்கிறது. அச்சுக்கும் கூட்டுக்கும் இடையில் வளைந்த எஃகுப் பட்டைகள் வைத்துக் கட்டிய மாட்டு வண்டியை நம் தாத்தாக்கள் வில்வண்டி என்றார்கள். வில் என்றால் போதும், ஓர் ஓட்டுநருக்கும் ஒரு தமிழாசிரியைக்கும் ஒரே பொருள் விளங்கிவிடும்.

இந்தச் சொல்லாராய்ச்சிக்குக் காரணம் என் அண்ணன். போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால், கேரள எல்லைக்குள் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. ஏலம் ஏலம் போகும் ஊர் எங்களுடையது. சிலேடைக்கு நான் பொறுப்பல்ல, மொழிதான் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தோட்டத்துக்குப் போகிற பாதை பாதையாகவே இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஜீப்புகள் உழுது போட்ட இரண்டு பள்ளங்கள், நடுவில் ஒரு மேடு, மேட்டில் அங்கங்கே பாறை முனைகள். அண்ணன் 2018இல் நான்கு சக்கரமும் இழுக்கிற இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்று வாங்கினார். உர மூட்டை ஏறுவதும் அதில்தான், காய் இறங்குவதும் அதில்தான். சில ஆண்டுகளாக வண்டியின் அடி பாறையில் உரசுகிறது என்பது அவர் குறை. நான்கு அங்குலம் உயர்த்தும் 'லிஃப்ட் கிட்' ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

சென்ற கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போனபோது ஆங்கில விவரத் தாள்களை ஒரு கட்டாக என் மடியில் வைத்தார். "இதுல எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு பாப்பா."

"நான் தமிழ் படிச்சவண்ணே."

"எதுவா இருந்தாலும் படிப்புதானே."

மறுக்க முடியாத வாதம். படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலிய நிறுவனங்களின் தாள்கள். ஆளரவமற்ற நீண்ட மண்சாலைகளில் பெரும் பாரத்தோடு ஓடுகிற வாழ்க்கை அந்த நாட்டுக்கு உண்டு. இந்தத் தொழில் அங்கே வளர்ந்ததில் வியப்பில்லை. மெல்போர்னில் 1975இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் வில் தொகுதிக்கு 'ஓல்ட் மேன் எமு' என்று பெயர். கிழ ஈமு. பெயரைக் கேட்டதும் அண்ணன் முகம் சுளித்தார். கொங்கு நாட்டில் 2012இல் ஈமுக்கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது பணத்தை விட்டவர்கள் எங்கள் உறவிலும் உண்டு. வில்லுக்கும் கோழிக்கும் தொடர்பில்லை என்று விளக்கிய பிறகே தாளின் அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்தது.

படிக்கப் படிக்க ஒன்று தெளிந்தது. 'உயர்த்துதல்' என்ற ஒரே வினைக்குள் வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, கூட்டை மட்டும் உயர்த்துவது. சட்டகத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் கட்டைகளைச் செருகுவார்கள். பெரிய சக்கரம் நுழைய இடம் கிடைக்கும். சட்டகமும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, வில்லையும் சாக் அப்சர்பரையும் மாற்றிச் சட்டகத்தையே உயர்த்துவது. இதில் வண்டியின் முகம் மேட்டில் இடிக்காது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள வயிறு முகட்டில் தட்டாது. ஆனால் பின் அச்சு உயராது. அதன் நடுவில் பானை வயிறு போல இறங்கி நிற்கும் டிஃபரன்ஷியலும் உயராது. அச்சு சக்கரத்தோடு கட்டப்பட்டது; சக்கரம் பெரிதானால்தான் அது மேலே போகும், அதுவும் வளர்ச்சியில் பாதியளவே. 245/70 ஆர்16 சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 749 மி.மீ. அதை 265/70 ஆர்16 ஆக மாற்றினால் 777 மி.மீ. இருபத்தெட்டு மில்லிமீட்டர் கூடுகிறது. டிஃபரன்ஷியல் உயர்வது பதினான்கு. சுண்டுவிரல் அகலம்.

உயர்த்தும் வழிகளிலும் தராதரம் இருக்கிறது. முன்பக்கம் சுருள்வில் உள்ள வண்டியில் அதன் தலையில் ஒரு வளையத்தை வைத்துத் தூக்குவது மலிவு. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த இடத்தை அந்த வளையம் தின்றுவிடும். பின்பக்கம் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைக்கலாம். ஏற்றத்தில் இழுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ள அது வழிவிடும். ஷாக்கிளை நீட்டலாம், இரண்டு அங்குலம் நீட்டினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரும், அச்சின் கோணமும் சேர்ந்து மாறும். இருக்கிற கட்டில் ஒரு பட்டையைக் கூட்டலாம். உயரமும் வரும், விறைப்பும் வரும். சீரான வழி, வண்டி அன்றாடம் சுமக்கும் எடையைக் கணக்கிட்டு அதற்கேற்ற முழுப் பட்டைக் கட்டையும் அதன் நீளத்துக்குப் பொருந்தும் சாக் அப்சர்பரையும் போடுவது. நல்ல தாள்கள் எல்லாம் வாங்குபவரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: நீ என்ன சுமக்கிறாய்? பாரத்துக்கென்று அமைந்த வில் வெற்று வண்டியில் கல்லாகக் கிடக்கும். வெற்று வண்டிக்கு அமைந்த வில் பாரத்தில் தலைகுனிந்துவிடும்.

இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் சங்கிலித் தொடராக வேறு வேலைகள் வருகின்றன. தனித்தனியே அசையும் முன் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டுகளின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று தேயும். மேற்கையை மாற்ற வேண்டும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். முகவிளக்கு எதிரே வருபவர் கண்ணில் பாயும். பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. கூட்டுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு அது பாரத்தை அளக்கும். கூட்டை உயர்த்தினால் வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எண்ணிக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பத்து மூட்டை பொட்டாஷ், அரை டன், பின்னால் இருக்க, கீழ்நோக்கிய பதினேழு வளைவுகளில் இது நடப்பதை நான் எண்ணிப் பார்த்தேன். திருத்தி அமைத்தால் சரியாகிவிடும். திருத்த வேண்டும் என்று தெரிந்தவர் கையில் வண்டி இருக்க வேண்டும்.

சாய்வுக் கணக்கு ஒன்றையும் அண்ணனுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதி 78 செ.மீ., வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அசையாமல் நிற்கும் வண்டி ஏறக்குறைய 48 பாகைச் சரிவில் கவிழும். மையம் 80 செ.மீ. ஆனால் 44 பாகையிலேயே கவிழும். வில்லின் சாய்வும் டயரின் நெளிவும் வளைவின் வேகமும் சேரும்போது உண்மையான எல்லை இவற்றுக்கு வெகு கீழே. ஒரு பக்கப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஓடுகிற எங்கள் பாதையில் ஒவ்வொரு பாகைக்கும் விலை உண்டு.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தில் வந்த 182அ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டிக்கு அடியில்தான்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "அதெல்லாம் சரிதான். ஆனா உசரமா நின்னாத்தான் மலையில ஒரு மதிப்பு."

இதை எளிதில் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் உயரம் இந்த மலைக்கு இருபுறமும் என்றைக்குமே வெறும் பாதை சார்ந்த செய்தியாக இருந்ததில்லை. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். அவர் பிறந்த சாதிக்கு அந்தச் சாலையும் மறுக்கப்பட்டிருந்தது, அந்த வண்டியும் மறுக்கப்பட்டிருந்தது. அன்று அவர் ஏறி அமர்ந்த உயரத்தையும் என் அண்ணன் கேட்ட நான்கு அங்குலத்தையும் ஒப்பிடுவது தகாது. ஆயினும் யார் எவ்வளவு உயரத்தில் அமர்ந்து போகலாம் என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கிறது என்பது உண்மை. அந்தக் கண்களுக்கு முன்னால்தான் அண்ணனும் வண்டி ஓட்டுகிறார்.

ஆகவே வாதத்தை விட்டுவிட்டு வண்டியைப் படிக்கலாம் என்றேன். சுவடியில் எந்த இடம் சிதைந்திருக்கிறது என்று பார்க்காமல் யாரும் பாடம் திருத்துவதில்லை. பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்; மூவரும் அடியில் புகுந்தோம். கீறல்கள் மூன்று இடங்களில் இருந்தன. டிஃபரன்ஷியலின் அடிவயிற்றில், பின்னாலுள்ள இழுவைக் கொக்கியில், இருபுறமும் ஏறுவதற்கு வைத்த படிக்குழாயில். சட்டகத்தில் ஒரு கீறலும் இல்லை. முன்பக்கம் துப்புரவாக இருந்தது. முதற்கீறலுக்கு எந்த லிஃப்ட் கிட்டும் மருந்தாகாது என்பதை அண்ணனே சொல்லிவிட்டார்.

மற்ற இரண்டுக்கும் காரணத்தைப் பட்டறைக்காரர் காட்டினார். பட்டையின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு நூலைப் பிடித்தார். வில் வளைவே இல்லை; கிட்டத்தட்ட நேர்கோடாகக் கிடந்தது. "வருசக்கணக்கா அரை டன்ன ஏத்தி இறக்கிருக்கீங்க டீச்சர், பட்டை செத்துப்போச்சு" என்றார். அதே வகையில், பாரம் அதிகம் ஏற்றாத பக்கத்துத் தோட்டத்து வண்டியில் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். எங்கள் வண்டியின் பின்பக்கம் நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அண்ணன் தேடிய உயரத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே அவருடையதாக இருந்து, சுமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருந்தது.

படிக்குழாய்தான் கடைசிச் சிக்கல். அதைக் கழற்றிவிட்டால் பாறையில் தட்ட ஒன்றும் இராது. ஆனால் அம்மா அந்தப் படியில் கால் வைத்துத்தான் வண்டியில் ஏறுகிறார். எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ஒவ்வொரு காயெடுப்புக்கும் மலைக்குப் போய் வேலைக்கு வந்த பெண்களுக்குக் கூலியைத் தன் கையால் எண்ணிக் கொடுத்தால்தான் அவருக்கு அந்தச் சுற்று முடிந்ததாகக் கணக்கு. அந்தப் பெண்களில் யாராவது சரிவில் விழுந்தாலோ, பாம்பு தீண்டினாலோ, கீழே கொண்டுபோவதும் இதே வண்டிதான். கை கால் அசைக்க முடியாத ஒருவரை நான்கு பேர் தூக்கி இருக்கையில் கிடத்தும்போது நான்கு அங்குலம் என்பது சிறிய அளவல்ல. அண்ணன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒருவரைத் தூக்கி ஏற்றியவர். இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே, "சரி, வேணாம்" என்றார்.

முடிவு இப்படி அமைந்தது. பின்பக்கத்துக்கு நடுத்தரச் சுமைக்கான புதிய பட்டைக் கட்டு, வண்டி பிறந்தபோது இருந்த உயரத்துக்கே. அதற்கேற்ற சாக் அப்சர்பர்கள். தயாரிப்பாளர் அனுமதித்த அளவிலேயே, மண்ணையும் சேற்றையும் பற்றுகிற வரியுள்ள டயர்கள். இழுவைக் கொக்கியைத் தேவைப்படும்போது மட்டும் மாட்டிக்கொள்வது. படிக்குழாயைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்காக ஒரு தேக்கு முக்காலியைப் பின் இருக்கைக்கு அடியில் வைப்பது. செலவு, முதலில் சொன்ன கிட்டின் விலையில் பாதிக்கும் கீழே.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைச் சொல்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி அவர்கள் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுவது அப்பாட்டு. பல ஆண்டுகளாக அதை உவமை நயத்துக்காகவே வகுப்பில் நடத்தி வந்திருக்கிறேன். இவ்வாண்டு நடத்தியபோது, அந்த வண்டியில் எத்தனை மூட்டை இருந்திருக்கும், எருது எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. டிஃபரன்ஷியலில் புதுக் கீறல்கள் விழத்தான் செய்கின்றன. மோசமான இரண்டு இடங்களில் அண்ணன் இப்போது இறங்கிப் பார்த்து, ஒரு சக்கரத்தை நடுமேட்டின் மேல் ஏற்றி ஓட்டுகிறார். உயர்த்திய வண்டி ஒன்று எதிரே வந்தால் அவர் கண் அதன் சக்கரத்தில் ஒரு கணம் கூடுதலாகத் தங்குகிறது. அதை நான் பார்க்காததுபோல இருந்துவிடுகிறேன். கழற்றிய பழைய பட்டைகளை எடைக்குப் போடாமல் கொல்லரிடம் கொடுத்தார். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. ஐந்து அரிவாள்கள் வந்தன. தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்க அவைதான் இப்போது பயன்படுகின்றன.