சில்லாய் கலானும் நமது சைக்கிளும்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் டில்லிக் குளிரையே பெருங்குளிர் என்று கருதுவர். மார்கழித் திங்களில் ஒரு வாரம் ஸ்ரீநகருக்கு வந்து தங்குவார்களாயின் அக்கருத்தை மாற்றிக்கொள்வர். ரயில்வே உத்தியோகம் நம்மை இந்நகருக்கு அழைத்து வந்தபின் இது மூன்றாவது குளிர்காலம். இல்லத்திலிருந்து நௌகாமில் உள்ள ஸ்டேஷனுக்கு நான்கு கிலோமீட்டர் தூரம். அதனை நாள்தோறும் சைக்கிளிலேயே கடக்கிறோம். இவ்வூருக்கு மாற்றலாகி வரும் அன்பர்களுக்கு உதவும் என்றெண்ணி நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஸ்ரீநகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் அமைந்தது. இங்குள்ளோர் கடுங்குளிர் காலத்தை மூன்றாகப் பகுத்துள்ளனர். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் 'சில்லாய் கலான்' எனும் பெருங்குளிர். அடுத்த இருபது நாள் 'சில்லாய் குர்த்' எனும் சிறுகுளிர். அதன்பின் பத்து நாள் 'சில்லாய் பச்சா' எனும் குழந்தைக் குளிர். 2024 டிசம்பர் 21 அன்று விடியுமுன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8.5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் அத்தகைய இரவைக் கண்டதில்லை. குழாய்களில் நீர் உறைந்தது. தால் ஏரியின் ஓரங்களும் உறைந்தன.

இக்காலத்தில் கதிரவன் உதிக்க ஏழரை மணியாகும். நாம் புறப்படும் வேளையில் தெருவில் ஒளி தருவது ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பு ஒன்றே. அங்கே சுடச்சுடக் கிர்தா ரொட்டி வாங்கிக் கோட்டின் உட்புறம் வைத்துக்கொண்டால் பாதி வழி வரை மார்பு குளிராது.

புதிதாய்ப் பெய்த பனியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது மாவுபோல் உதிரியாயிருக்கும். சக்கரம் அதில் அழுந்திச் செல்லும். அஞ்சத்தக்கது பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த பனியே. அது கண்ணாடிபோல் தார்ச்சாலையின் மேல் படிந்திருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. வெயில் படாத சுவரோரங்களிலும் பாலங்களின் மேலும் அது மிகுதி. பாலத்தின் அடியிலும் குளிர்காற்று புகுவதால் தரையைவிடப் பாலமே முன்னதாக உறைகிறது. நம் வழியிலுள்ள சிறு பாலத்தில் நாம் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டே போகிறோம்.

பனிக்காலத்தில் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். டயர் அகலமாகத் தரையைப் பற்றும். இருக்கையைத் தாழ்த்தினால் காலை உடனே ஊன்றலாம். வழுக்கும் இடத்தில் முன் பிரேக்கைத் தொடலாகாது. ஹாண்டிலைச் சட்டென்று திருப்பலும் ஆகாது. வண்டியை ஈரத்துடன் வெளியே விட்டால் பிரேக் கம்பியின் உறைக்குள் புகுந்த நீர் உறைந்து, காலையில் பிரேக் பிடிக்காது. ஆதலின் இரவில் துணியால் துடைத்து வீட்டுக்குள் நிறுத்துகிறோம்.

உடையிலும் கவனம் வேண்டும். இவ்வூரார் அணியும் ஃபெரன் என்ற நீண்ட அங்கி குளிருக்கு நிகரற்றது; அதனுள் காங்ரி எனும் கணப்புச் சட்டியை ஏந்தி நடப்பர். சைக்கிளில் இவ்விரண்டும் ஆகா. அங்கியின் விளிம்பு சங்கிலியில் சிக்கும். விழுந்தால் கணப்பு நெருப்பு உடலில் கொட்டும். இரட்டைக் கையுறையும் காதை மூடும் குல்லாவும் நமக்குப் போதும்.

சென்ற தை மாதத்தில் நம்முடன் பணியாற்றிய திருநெல்வேலி இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை கூடியதும் தெற்கே மாற்றல் கேட்டுச் சென்றுவிட்டார். நாமும் விண்ணப்பம் எழுதவேண்டுமென்று இல்லாள் வற்புறுத்தினாள். அவள் அச்சம் நியாயமானதே. அன்றிரவு தாளை எடுத்து வைத்தோம், எழுதவில்லை.

காரணம் டிக்கெட் ஜன்னலில் நாம் காண்பதுதான். இப்பள்ளத்தாக்கில் ரயில் ஓடத் தொடங்கியது 2008 அக்டோபரில். 2013-இல் பீர் பஞ்சால் மலையைக் குடைந்த 11.2 கிலோமீட்டர் சுரங்கம் திறக்கப்பட்டுப் பனிஹால் வரை ரயில் சென்றது. 2025 ஜூன் 6 அன்று ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரமுள்ள செனாப் பாலம் திறக்கப்பட்டு, கட்ராவுடன் இணைப்பு ஏற்பட்டது. பனியாலும் மண்சரிவாலும் நெடுஞ்சாலை அடைபடும் நாட்களில் மக்கள் நம்புவது இந்த ரயிலையே. அத்தகைய காலையொன்றில், ஜம்மு ஆஸ்பத்திரியில் மகள் படுத்திருக்க, முதியவர் ஒருவர் நடுங்கும் விரல்களால் பணத்தை எண்ணித் தந்து, "வண்டி போகுமா?" என்று கேட்டார். "போகும், பெரியவரே" என்றோம். அதை இல்லாளிடம் சொன்னோம். அவள் மறுமொழி கூறாமல், கையுறைக்குள் அணிய இன்னொரு சோடி பின்னத் தொடங்கினாள்.

வர இருக்கும் அன்பர்கள் அஞ்சாமல் வரலாம். வழக்கத்திற்கு இருபது நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். பனிக்கட்டி தெரிந்தால் கௌரவம் பாராமல் இறங்கி நடங்கள். உணவைப் பற்றியும் கவலை வேண்டா. இங்குள்ள பெண்மணிகள் கோடையிலேயே கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தக்காளியையும் அரிந்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் கொடுத்த கத்தரி வற்றலை நம் இல்லாள் புளிக்குழம்பில் இட்டாள். அது நம்மூர் வற்றலுக்குச் சிறிதும் குறைந்ததன்று.