பூட்டிய பெட்டி

சென்ற மாதம் கண்டியிலிருந்து நண்பரொருவரின் காரில் சுடுபயிற்சித் திடலுக்குச் சென்றோம். வெறுந்துப்பாக்கி பூட்டிய பெட்டியில். தோட்டாக்கள் வேறொரு பெட்டியில். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரம் அவரது சட்டைப்பையில். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் குடிமகனை அப்பத்திரத்தால் கட்டுகிறது. நன்றே.

ஆயின், தொலைவில் ஹேவாஹெட்ட மலைகளைக் கண்டதும் முல்லோயாத் தோட்டம் நினைவில் எழுந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள், அங்கு கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். அத்துப்பாக்கியும் சட்டத்தின் துப்பாக்கியே! பூட்டுக்கு அடங்கவேண்டியது குடிமகனின் துப்பாக்கி மட்டுந்தானா?

மறுநாள் வகுப்பில் அவ்வரலாற்றைச் சுட்டி, இவ்வினாவைக் கேட்டோம். தோட்டத்து மாணவனொருவன் எழுந்தான்.

“கோவிந்தன் யார், சேர்?”

அன்று இலக்கணப் பாடத்தை நிறுத்திவைத்தோம்.