மூணு மலையும் ஒரே நாளிலா?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் ஒரே நாளில் ஏறிவிடத் திட்டம் போடுவார்கள். ராஜகிரியில் பாதிப் படி தாண்டுவதற்குள் முழங்கால் கெஞ்சும். மிச்சத்துக்குக் கீழே கல்யாண மகாலோடு செல்ஃபி!

நம் எழுத்தாளர்களும் அதே ரகம். ஒரு தொடர், பாதி நாவல், நண்பருக்கு முன்னுரை, தீபாவளி மலருக்குச் சிறுகதை... எதற்கும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

கல்கி தன் பத்திரிகையையும் நடத்திக்கொண்டு, 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ எழுதினார். அடுத்த தொடர் ‘அமரதாரா’ பாதியில் நிற்க, அதே 1954 டிசம்பர் 5-இல் காசநோயால் காலமானார். வயது 55. அந்த நோயின் பழியை வேலைப்பளு மேல் போட முடியாதுதான். தொடரை முடித்தவர் மகள் ஆனந்தி.

ஜெயமோகன் 2014-இல் தொடங்கி 2020 வரை ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களைத் தினம் ஓர் அத்தியாயமாக எழுதினார். ஆனால் நாவலுக்கு நாவல் இடைவெளி விட்டார்.