தம்பியோட புது ராடு

முயல் தீவுப் பக்கம் கல்லுல நின்னு தூண்டில் போட்டுக்கிட்டிருந்தோம். தம்பி ரெண்டு மாசமா பார்த்துப் பார்த்துக் கட்டின கார்பன் ராடு, முதல் பாரை மீனுக்கே முறிஞ்சிருச்சு. நுனியிலிருந்து ஒரு சாண் கீழே. அவன் முகத்தைப் பார்க்க முடியல.

பிளாங்க், அதாவது ராடோட வெறுங்கம்பு, மோசம்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. மீன் காலடிக்கு வந்ததும் ராடை நெட்டுக்குத்தா தலைக்கு மேல தூக்கிட்டான். அப்போ தடிச்ச அடிப்பகுதி வேலையே செய்யாது. பாரம் மொத்தமும் மெலிஞ்ச நுனிக்குப் போயிடும். 45 டிகிரி வாக்கில சாய்ச்சுப் பிடிச்சாத்தான் அடிப்பகுதி சுமக்கும்.

இன்னொண்ணு. கார்பன் இழுவையைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஈயக்குண்டு ஒருதடவை மோதினாலும், நரம்பு ஓடுற வளையமான கைடோட கால் முனையை அரம் போட்டு மழுக்காம, அதைக் கம்போட சேர்த்து நூல் சுத்தினாலும், கண்ணுக்குத் தெரியாத காயம் விழும்.

நம்ம பெரியவங்க கம்பே இல்லாம கைத்தூண்டில்ல பிடிச்சாங்க. மீனோட பாரம் நேரா விரலுக்கு வரும்; எப்போ விடணும், எப்போ இழுக்கணும்னு விரலுக்கே தெரியும். ராடுல பாரம் எங்க விழுதுன்னு வளைவைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

தம்பி, அடுத்த ராடுக்கு நூல் சுத்துறதுக்கு முன்னாடி கைடுகளை டேப்பால ஒட்டி, நரம்பு கோத்து, பாரம் தொங்கவிட்டு வளைவைப் பாரு. கம்பு எங்கயாவது சட்டுனு மடங்கினா, அங்க இன்னொரு கைடு வை. நானும் வர்றேன், சேர்ந்து கட்டுவோம்.