பெட்டிக்கு ஒரு சட்டை

“மனிதருக்குச் சட்டை உண்டு, பெட்டிக்குமா சட்டை?” என்று எங்களைக் கேலி செய்யாதார் இல்லை. அந்தச் சட்டை உருவான கதையை இங்கே கூற விழைகிறோம்.

சென்ற சனவரியில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு வேடந்தாங்கலுக்கு இன்பச் சுற்றுலா செல்வதென முடிவாயிற்று. எங்கள் தோழி ஒருத்தி மட்டும் பெயர் கொடுக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய். நாள்தோறும் வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்கு வந்த அவள் தாயார், “வெயிலில் நிற்கும் பஸ்ஸில் மருந்து கெட்டுப்போனால் என்ன செய்வது, சிஸ்டர்?” என்று கேட்டார்.

“ஐஸ் பெட்டியில் கொண்டு போகலாமே, அம்மா” என்றார் சிஸ்டர். தோழியோ தலை குனிந்தாள். “நோயாளிப் பெட்டி என்று எல்லாரும் பார்ப்பார்கள்” என்பது அவள் அச்சம்.

அன்றே நாங்கள் தீர்மானித்தோம்: அது எங்கள் எல்லாருடைய பெட்டியாகவும் இருக்க வேண்டும்!

துணி குளிர்ச்சியைத் தராது, வெளிச்சூடு உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தும் என்று அறிவியல் ஆசிரியை விளக்கினார். அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலில் சென்னைக்கு வந்ததாம். அதைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்!

ஒருத்தியின் தந்தை, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட நுரைத்தாளை அனுமதி பெற்றுக் கொண்டுவந்தார். மேலுக்கு வெள்ளைப் பருத்தித் துணி, உள்ளுக்குப் பழைய சீருடைத் துணி, ஓரத்துக்குக் காஞ்சிபுரம் சேலையின் கரை. மூன்று அடுக்கையும் ஓட்டுத் தையலால் இணைத்தோம். சங்கிலித் தையலில் ஒரு கூழைக்கடாவும் இரண்டு நாரைகளும் பூத்தன.

ஆனால் மாட்டிப் பார்த்தபோது மூடி சரியாக மூடவில்லை! நுரைத்தாளின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டியிருந்தோம். “மூடாத பெட்டிக்கு அழகு எதற்கு? பிரியுங்கள்” என்றார் தையல் ஆசிரியை. கண்ணீரோடு பிரித்தோம், மூடிக்குத் தனி உறையாக மீண்டும் தைத்தோம்.

சுற்றுலா நாளும் வந்தது. அடியில் பனிக்கட்டி, அதன்மேல் எங்கள் மோர்ப் பாட்டில்கள். இன்சுலின் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதால், அதைத் துண்டில் சுற்றிச் சிறு டப்பாவிலிட்டு, பனிக்கட்டியில் படாமல் மேலே வைத்தோம். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு வழியாகப் பாட்டும் சிரிப்புமாகச் சென்றோம். ஏரி மரங்களில் உண்மையான நாரைகளைக் கண்டபோது, “நம் நாரைக்குக் கழுத்து குட்டை!” என்று முதலில் சிரித்தவள் அவளே. பகல் உணவுக்கு முன் எல்லார் நடுவிலும் அமர்ந்து தானே ஊசி போட்டுக்கொண்டாள். யாரும் வியந்து நோக்கவில்லை. மோருக்குக் கை நீட்டுவதில் மும்முரமாயிருந்தோம்!

1922 சனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்களாம். அவனுக்கு அப்போது எங்கள் வயதுதான். அந்த மருந்து இல்லையேல் எங்கள் தோழி எங்களோடு இல்லை. அதை எண்ணும்போது, விரல்களில் ஊசி குத்திய வலி எங்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

பெட்டி இப்போது தையல் அறையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு செல்லும் தங்கைகளே, எடுத்துச் செல்லுங்கள். மூடியை மட்டும் மறவாமல் மூடுங்கள்!