மௌப்ரேயின் சிங்கம்

பெருங்குடி என்பது நாம் வசிக்கும் ஊரின் பெயர். குடி என்ற சொல்லுக்கு ஊர் என்றும் வம்சம் என்றும் இரு பொருள் உண்டல்லவா? இதே விசித்திரத்தை இங்கிலீஷ்காரர் பெயரிலும் காணலாம். அதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. கோட்டூர்புரம் பாலத்தின் வழியாக அடையாற்றைக் கடந்து ஆழ்வார்பேட்டைக்குச் சென்றால் போதும்.

அங்கே டி.டி.கே. சாலை என்று பலகை தாங்கி நிற்கும் வீதியை முதியவர்கள் இன்னும் மௌப்ரேஸ் ரோடு என்றே சொல்லுகிறார்கள். ஜார்ஜ் மௌப்ரே என்பவர் 1771-ல் கணக்கு உத்தியோகம் பார்க்கச் சென்னைக்கு வந்தவர். கணக்கு எழுத வந்தவருக்கு ஆற்றங்கரையில் நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது! அதில் குவிமாடத்துடன் ஒரு தோட்ட பங்களா கட்டினார். பிற்காலத்தில் அது அடையாறு கிளப் ஆயிற்று. வெள்ளையர் ஆட்சி நடந்தவரையில் நம்மவர் அதில் அங்கத்தினராக முடியாது. 1963-ல் அது மதராஸ் கிளப்புடன் இணைந்தது.

மௌப்ரே என்ற பெயரின் பூர்வீகம் இங்கிலாந்தே அன்று. பிரான்ஸ் தேசத்து நார்மண்டியில் உள்ள மோன்ப்ரே என்னும் சிற்றூர்தான் அதற்கு மூலம். 1066-ல் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் அவ்வூரார் அங்கே பெரும் பிரபுக்களானார்கள். அவர்களில் ராபர்ட் என்பவன் 1095-ல் அரசனுக்கு விரோதமாகக் கலகம் செய்து சிறைப்பட்டான். பறிபோன அவன் நிலத்தில் பெரும் பகுதியை முதலாம் ஹென்றி மன்னன், தந்தை வழியில் அக்குடியைச் சேராத நைஜல் என்பவனுக்குக் கொடுத்தான். நைஜலின் மகன் ரோஜர், மன்னன் கட்டளைப்படி மௌப்ரே என்று பெயர் பூண்டான். நிலத்தோடு பெயரும் கைமாறிவிட்டது!

புகழ் பெற்ற மௌப்ரேக்கள் இந்த ரோஜரின் சந்ததியார்தாம். பாண்டியருக்கு மீன், சோழருக்குப் புலி என்பதுபோல, சிவப்புக் கேடயத்தில் எழுந்து நிற்கும் வெள்ளிச் சிங்கம் அவர்களுக்குச் சின்னம். அவர்களில் தாமஸ் என்பவன் 1397-ல் நார்ஃபோக் கோமகன் ஆனான். மறு வருஷமே நாடு கடத்தப்பட்டு, 1399-ல் வெனிஸ் நகரில் மாண்டான். ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அவனைத் தெரியும். 1476-ல் அந்தக் கோமகன் வம்சம் ஆண் வாரிசின்றி முடிந்தது.

அப்படியானால் நம் ஊர்க் கணக்கருக்கும் அந்தச் சிங்கம் உரியதுதானா? பெயர் ஒன்றாயிருப்பதால் மட்டும் உரியதாகிவிடாது. இங்கிலாந்தின் வழக்கப்படி கேடயச் சின்னம் பெயருக்குச் சொந்தமன்று. அதைப் பெற்ற மனிதருக்கும் அவருடைய நேர் சந்ததிக்குமே சொந்தம். 1484-ல் லண்டனில் ஏற்பட்ட குலச்சின்னக் கழகம் இந்த விதியை இன்றும் காத்து வருகிறது. பெயரைக் கேட்டவுடனே, "இதோ உங்கள் குலச்சின்னம்" என்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடைகள் அந்நாட்டில் உண்டு. சீமைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அங்கே காசைத் தொலைக்காமல் இருப்பார்களாக.