ஒரு நடன இசைத்தட்டும் பாடபேதமும்

ஓலைச்சுவடிகளின் பாடபேதங்களை ஆராய்பவன் ஐரோப்பிய நடன இசைத்தட்டு ஒன்றை ஏன் இவ்வளவு போற்றி வைத்திருக்கிறான் என்று விடுதி நண்பர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். வினைலின் ஒலி இதமானது என்பதும், பழம்பொருள் மீது பற்று என்பதும் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தத் தட்டு என்னை ஈர்ப்பதற்கான காரணம் நான் செய்துவரும் ஆய்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால், அதைச் சற்று விரிவாகவே இங்கு எழுதிவைக்கிறேன்.

தட்டின் பெயர் ‘தி ஏஜ் ஆஃப் லவ்’. அதே பெயரில் இயங்கிய குழுவினரான புருனோ சாங்கியோனி, ஜுசெப்பே கியெர்கியா என்னும் இருவர் உருவாக்கிய இசை அது. பெல்ஜியத்தின் டிகி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1990இல் அதை வெளியிட்டது. இன்று உலகெங்கும் டிரான்ஸ் இசையின் தொடக்ககாலச் செவ்வியல் படைப்பாகக் கொண்டாடப்படுவது அந்த 1990ஆம் ஆண்டு வடிவம் அன்று. 1992இல் ‘ஜாம் அண்ட் ஸ்பூன்’ என்ற ஜெர்மானிய இணையர் செய்த ‘வாட்ச் அவுட் ஃபார் ஸ்டெல்லா’ என்னும் ரீமிக்ஸ். இணையருள் ஒருவர் செவ்வியல் இசைப் பயிற்சி பெற்ற ரோல்ஃப் எல்மர். மற்றவர் மார்க் ஸ்பூன் என்று அறியப்பட்ட மார்குஸ் லோஃபெல். 2006இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார். முதல் வடிவத்திலிருந்த சுழலும் சுரத்தொடரையும் நடனத்திற்கு அழைக்கும் பெண்குரலையும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அவற்றைச் சுற்றிப் பெரியதொரு வெளியைத் திறந்துவிட்டார்கள். தாளம் விலகி நிற்கச் சுரங்கள் மட்டும் மிதந்து, பின்னர் தாளம் திரும்பி வரும் அந்த அமைப்பே பின்னாளில் டிரான்ஸ் இசையின் இலக்கணமாயிற்று.

இங்கே என் துறைக்குரிய கேள்வி எழுகிறது. இவற்றுள் மூலம் எது? காலத்தால் முந்தையதே மூலம் என்றால், உலகம் கேட்பது மூலத்தை அன்று. சுவடிப் பதிப்பில் பிந்திய ஏட்டில் உள்ள பாடம் சில வேளைகளில் சிறந்ததாக அமைவதுண்டு. காலத்தால் பிந்தியது என்பதற்காக மட்டும் பதிப்பாசிரியர் அதைத் தள்ளிவிடுவதில்லை. எனினும் இந்த ஒப்புமையை நெடுந்தொலைவு இழுக்கவியலாது. ஏடெழுதுவோர் தாம் மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு மாற்றுவதில்லை. ரீமிக்ஸ் செய்பவரோ தம் பெயரை இட்டே மாற்றுகிறார். ஆகவே ரீமிக்ஸை உரைக்கு நிகராகக் கருதுவது பொருந்தும் என நினைக்கிறேன். திருக்குறளைப் பரிமேலழகர் வழியாகவே பயின்ற தலைமுறைகள் உண்டு. உரையை யாரும் மூலம் என்று சொன்னதில்லை. ஆனாலும் அவர்கள் மனத்தில் மூலத்தையும் உரையையும் பிரித்தெடுக்க இயலாது.

மூலத்திற்கும் ரீமிக்ஸுக்கும் உள்ள இந்த உறவை இன்றைக்கும் கண்ணால் காணத்தக்கதாக வைத்திருப்பது வினைல். ஒவ்வொரு வடிவமும் தனித்தனி வரிப்பள்ளமாக, இன்ன ஆண்டில், இன்ன நிறுவனத்தின் பெயரோடு நிலைபெற்றுவிடுகிறது. தட்டின் உட்புறத்தில் இசை முடிந்து, பெயர்ச்சீட்டுத் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் சில எண்களும் எழுத்துகளும் தெரியும். வெட்டுத்தட்டு உருவாகும்போது கையால் கீறப்படுபவையும் அவற்றுள் உண்டு. வெட்டுத்தட்டிலிருந்து உலோக அச்சு, அதிலிருந்து தாயச்சு, தாயச்சிலிருந்து தட்டை அழுத்தும் அச்சுகள் என்று படிகள் பெருகும் வழி நெடுகிலும் அந்தக் கீறல் தொடர்ந்து வருகிறது. சுவடியின் இறுதியில் ஏடெழுதியவர் தம் பெயரும் ஆண்டும் நாளும் குறித்து வைப்பாரே, அதற்கு நிகரான குறிப்பு இது. எந்த வெட்டிலிருந்து எந்தப் படி பிறந்தது என்பதை இதை வைத்தே கணிக்கலாம்.

வினைல் இந்த இசையின் உருவத்தையும் தீர்மானித்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்திற்கு ஓரிரு இசைத்துண்டுகள் மட்டுமே என்றால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். ஆழ்ந்த தாழ்சுரங்களை உரக்கப் பதியலாம். நிமிடத்திற்கு 33⅓ சுற்று வேகத்தில், வெளிவிளிம்பில் ஊசியின் கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்வளையத்தில் அது ஏறத்தாழ 20 ஆகக் குறைந்துவிடுகிறது. அதனால் நடனத் தட்டுகளில் இசையை இயன்றவரை வெளிப்புறத்திலேயே நிறுத்துவார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் நீளும் பகுதிகள் வருவதும் இதையொத்த நடைமுறைத் தேவையால்தான். ஒரு தட்டு முடியுமுன் அடுத்ததன் வேகத்தை அதற்கு இணையாக்கிக் கலக்க டிஜேக்கு அவகாசம் வேண்டும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேசையின் நெம்பு, வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் இடம் தந்தது. சுழல்மேசையே இல்லாத அரங்குகளுக்கென உருவாகும் இன்றைய மின்கோப்புகளிலும் இந்த நீண்ட தாள முன்னுரையும் பின்னுரையும் மாறாமல் இருக்கின்றன. ஓலையை விட்டுத் தாளுக்கு மாறிய பின்னும் நாம் புத்தகத்தின் பக்கத்தை ‘ஏடு’ என்று சொல்வதை இதனோடு ஒப்பிடலாம்.

என் படியை ஹாம்பர்க்கில் வாங்கினேன். சுவடியியல் பயிற்சிக்காகச் சில மாதங்கள் அங்குத் தங்கியிருந்தபோது, சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. பெயர்ச்சீட்டின் ஓரத்தில் முந்தைய உடைமையாளர் பென்சிலால் 130 என்று குறித்திருக்கிறார். நிமிடத்திற்கு எத்தனை தாள அடி என்ற கணக்கு அது. முதல் அடி விழும் இடத்தில் கரகரப்பு மிகுதி. ஊசியை அங்கே வைத்துத் தட்டை முன்னும் பின்னும் கையால் அசைத்து, சரியான கணத்தில் விடுவிப்பது டிஜேக்களின் வழக்கம். அந்தத் தேய்மானம் நூறு இரவுகளின் தடம். தாளம் விலகி நிற்கும் நடுப்பகுதியில் கரகரப்பு ஏறக்குறைய இல்லை. அங்கே யாரும் தட்டைத் தொடவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். புரட்டியவர் விரல் பட்டு ஓரம் மழுங்கிய ஏடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கரகரப்பை இரைச்சல் என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

டிரான்ஸ் என்றதும் நம் நாட்டில் கோவா நினைவுக்கு வரும். அஞ்சுனாக் கடற்கரை இரவுகளில் இசைத்தவர்கள் பெரும்பாலும் ஒலிநாடாக்களையே நம்பினர்; பின்னர் டாட் எனப்பட்ட எண்முறை நாடாக்களைப் பயன்படுத்தினர். வெயிலில் வினைல் நெளிந்துவிடும், புழுதியும் மணலும் பள்ளங்களில் ஏறிவிடும் என்பது முதன்மையான காரணம். வெப்பமும் ஈரமும் கறையானும் எம் சுவடிகளை எப்படிப் படியெடுத்தலை நம்பி வாழவைத்தனவோ, அப்படியே அந்த இசையும் நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கப்பட்டே வாழ்ந்தது. எங்கே, யார், எப்போது என்ற குறிப்புகள் அந்தப் படிகளில் அருகியே கிடைக்கும். தில்லிக் கோடையில் என் தட்டைச் சன்னலுக்கு எட்டாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்திவைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அறிந்த கல்வி நிறுவன நூலகம் ஒன்று தன் இசைத்தட்டுகளை மின்கோப்புகளாக மாற்றிவிட்டு, இடநெருக்கடியைக் காட்டித் தட்டுகளையும் உறைகளையும் கழித்துவிட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை ‘பக்கம் 1’, ‘பக்கம் 2’ என்று பெயரிட்ட கோப்புகள். ஒலி இருக்கிறது. எந்த ஆண்டின் பதிவு, எந்த அச்சின் படி என்று சொல்ல ஏதுமில்லை. ஒரு சுவடியைத் தட்டச்சு செய்துவிட்டு ஏட்டை எரிக்க நம்மில் எவரும் ஒப்பமாட்டோம். இசைத்தட்டு என்றதும் ஏன் ஒப்பிவிடுகிறோம்?

2021இல் ஷார்லட் டி விட் என்ற பெல்ஜியப் பெண் கலைஞர், என்ரிகோ சாஞ்சுலியானோ என்ற இத்தாலியருடன் சேர்ந்து இதே இசைக்கு இன்னொரு வடிவம் செய்தார். ஜாம் அண்ட் ஸ்பூன் வடிவம் வெளியான 1992ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். அந்தப் புதிய வடிவம் வழியாகப் பழையதைத் தேடி வருகிற இளைஞர் பலர். தாம் பிறக்குமுன் எழுதப்பட்ட மூலத்தை உரையின் கைபிடித்து அணுகும் மாணவர்களைப் போன்றவர்கள் அவர்கள். இந்த இசையின் நீடித்த ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்: அது தன் முதல் வடிவத்தோடு முற்றுப்பெறாதது. முற்றுப்பெறாத ஒன்றைத் தொடர்ந்து செல்ல வேண்டுமானால், ஒவ்வொரு நிலையும் எங்காவது பதிந்திருக்க வேண்டும்.

உங்கள் துறையின் அறைகளிலோ வீட்டுப் பரணிலோ பழைய தட்டுகள் இருந்தால், எந்த மொழியின் எந்த இசையாயினும், கழிப்பதற்கு முன் அந்த உள்வளையத்தை விளக்கொளியில் பார்த்து, அங்குள்ளதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பின்னாளில் ஒரு மாணவருக்கு அந்த ஒற்றை வரி போதுமானதாக இருக்கலாம்.